கெட்டிஸ்பர்க்கில் முதல் தோட்டா வெடித்த இடம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையும் தெற்கத்திப் படையும் மோதிய பென்சில்வேனியா ஊர் கெட்டிஸ்பர்க். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றையும் லிங்கன் பேசிய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்க்க விரும்பியது ஊருக்கு மேற்கே இருந்தது. சேம்பர்ஸ்பர்க் சாலையில் சுமார் மூன்று மைல் போனால், நாக்ஸ்லின் சாலை பிரியும் இடத்தில் ஒடுங்கலாக ஒரு கல் நிற்கிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாக வருகின்றன. காரைக் கிளைச் சாலையில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

1863 ஜூலை 1, காலை ஏழரை மணி வாக்கில் இங்கே காவலில் இருந்தவர் வடக்குப் படையைச் சேர்ந்த 8ஆம் இல்லினாய் குதிரைப்படை ரெஜிமென்டின் லெப்டினன்ட் மார்செல்லஸ் ஜோன்ஸ். சாலையில் தெற்கத்திப் படை வருவதைப் பார்த்ததும் சார்ஜென்ட் ஷேஃபரின் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். முதல் தோட்டா எங்களுடையது என்று வேறு ரெஜிமென்ட்காரர்களும் உரிமை கொண்டாடினார்கள். ஆனால் 1886இல் இல்லினாயிலிருந்து கல்லைக் கொண்டுவந்து இங்கே நட்டவர்கள் ஜோன்ஸும் ஷேஃபரும் இன்னொரு தோழரும்தான். இந்த ஊரின் பளிங்குச் சிலைகளைவிட எனக்கு இந்தக் கல் பெரிது.

இவர்கள் தொழில்முறைச் சிப்பாய்கள் இல்லை. 1861 செப்டம்பரில் இல்லினாயின் செயின்ட் சார்லஸ் ஊரில், அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்த ஜான் ஃபார்ன்ஸ்வொர்த் திரட்டிய தன்னார்வலர்கள். போர் முடிவதற்குள் குண்டடி பட்டு இறந்தவர்களைப் போல இரு மடங்குக்கும் மேலானவர்களை நோய் கொண்டுபோனது.

அன்று காலை ஜெனரல் ப்யூஃபோர்டின் குதிரைப்படைக்கு ஒரே வேலை: காலாட்படை வந்து சேரும்வரை எதிரியைத் தாமதப்படுத்துவது. குதிரையை விட்டு இறங்கி, நாலு பேரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொள்ள, மற்ற மூவர் தரையில் நின்று சுட்டார்கள். பின்புறம் தோட்டா போடும் கார்பைன் என்பதால் வேகமாகச் சுட முடிந்தது. ஒவ்வொரு மேடாகப் பின்வாங்கி, ஜெனரல் ரெனால்ட்ஸின் படை வரும்வரை தாக்குப்பிடித்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால், ஊருக்குத் தெற்கே இருந்த குன்றுகள் வடக்குப் படையின் கையில் தங்கியிருக்காது என்பதே என் எண்ணம். ரெனால்ட்ஸ் அவென்யூவில் இந்த ரெஜிமென்டின் நினைவுக்கல் இருக்கிறது. அதன் உச்சியில் கல்லிலேயே செதுக்கிய சேணம்.

அப்புறம் தெற்கே பிக் ரவுண்ட் டாப் பக்கம் போனேன். ஜான் ஃபார்ன்ஸ்வொர்த்தின் சகோதரர் மகனான எலான், இதே ரெஜிமென்டில் கேப்டனாக இருந்து, ஜூன் கடைசியில்தான் ஜெனரல் ஆனவர். ஜூலை 3 மாலை, வேலிகளும் பாறைகளும் நிறைந்த அந்த நிலத்தில் குதிரைகளோடு பாயச் சொல்லி அவருடைய மேலதிகாரி ஜெனரல் கில்பேட்ரிக் உத்தரவிட்டார். எலான் அங்கேயே இறந்தார். வயது 25. நிலத்தை நேரில் பார்த்த பிறகு அந்த உத்தரவை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவரை அடக்கம் செய்தது இல்லினாயின் ராக்டனில். அடுத்த பயணம் அங்கேதான். போகும்போது செயின்ட் சார்லஸையும் பார்க்க வேண்டும்.