சுண்டாத குத்தி

1992. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உயர்தர வகுப்பில் நிகழ்தகவு தொடங்கிய அன்று கணித சேர் ஒரு வீட்டுவேலை தந்தார். ஒரு ரூபாய்க் குத்தியை 100 தரம் சுண்டி, தலையா பூவா என்று வரிசை மாறாமல் எழுதிக்கொண்டு வரவேண்டும். நம் குத்தியில் தலை ஏது? அரச இலச்சினை இருந்த பக்கத்தைத் தலை என்று வைத்துக்கொண்டோம்.

அன்றிரவு ஜாம்போத்தல் விளக்கடியில் குந்தினேன். பதினோராவது தரம் குத்தி உருண்டு பெட்டகத்துக்கு அடியில் போய்விட்டது. மண்ணெண்ணெய் விற்ற விலையில் விளக்கோடு அதைத் தேட அம்மா விடமாட்டா. மிச்சம் 90ஐயும் மனதாலேயே சுண்டினேன். சரிபாதி வந்தால் பிடிபடுவேன் என்று 48 தலை வைத்தேன். அவ்வளவு கெட்டித்தனம்! இந்த மலரை வாசிக்கும் எங்கள் பிரிவுப் பொடியள் ஒத்துக்கொள்வார்கள், உண்மையில் சுண்டியவர்கள் நாலு பேர்கூட இல்லை.

சேர் என் கொப்பியை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "நீர் சுண்டேல்லை." எப்படிப் பிடித்தார் என்று சொல்லவுமில்லை. ஜோன் கெரிச்சின் கதையைத்தான் சொன்னார். 1940இல் ஜேர்மன் படை டென்மார்க்கைப் பிடித்தபோது அங்கே அகப்பட்ட கணிதர். தடுப்பு முகாமில் இருந்தபடியே 10,000 தரம் காசு சுண்டி எழுதினார். 5,067 தரம் தலை. "அந்தாள் மறியலுக்குள்ள இருந்து பத்தாயிரம் சுண்டினவர். உமக்கு வீட்டில இருந்து நூறு ஏலாதோ?"

போன மாரியில், இங்கே கனடாவின் ஸ்காபரோவில், மகள் பைதன் என்ற கணினி மொழி படிக்கத் தொடங்கினாள். ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று காசு சுண்டுவது.

"அப்பா, நூறு தரமும் தலைதான் வருது. கொம்பியூட்டர் பழுதோ?"

எட்டிப் பார்த்தேன். ரண்டம் எண், அதாவது எழுந்தமானமாக ஓர் எண், எடுக்கும் வரி, திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'ஃபோர்' சுற்றுக்கு மேலே நின்றது. ஒரே தரம் சுண்டிவிட்டு, அந்த முடிவையே 100 தரம் எழுதியிருக்கிறது. அந்த வரியைக் கீழே இறக்கி நாலு இடைவெளி உள்ளே தள்ளினோம். பைதனில் எது சுற்றுக்குள், எது வெளியே என்று காட்டுவது அந்த வெற்றிடம்தான்.

இப்போது கலந்து வந்தது. ஆனால் ஓரிடத்தில் தொடர்ந்து ஏழு பூ. "இன்னும் பிழைபோல" என்றாள். எனக்குச் சேரின் முகம் வந்தது.

1992இல் எழுதிய வரிசை ஞாபகமில்லை. மூன்றுக்கு மேல் ஒரே பக்கம் வர விடவில்லை என்பது மட்டும் நிச்சயம். நாலாவது வரும்போது கை தானாகவே மாற்றி எழுதும். மகள் படுத்த பிறகு, அவளுடைய சுற்றுக்கு வெளியே இன்னொரு சுற்றுப் போட்டேன். 100 சுண்டல் ஒரு மாணவன், அப்படி 10,000 மாணவர்கள். ஒரே பக்கம் ஆறோ அதற்கு மேலோ தொடர்ந்த கொப்பிகள் 8,000க்கு மேல். என்னுடையதைப் போல மூன்றைத் தாண்டாதவை வெறும் மூன்று.

பார்க்கப்போனால் கணினியும் சுண்டுவதில்லை. 1997இல் வந்த மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்குமுறையால் எண்ணை உண்டாக்கி எழுதுகிறது. அந்தக் கணக்கைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணாக 7ஐக் கொடுத்தால் எத்தனை தரம் ஓட்டினாலும் அதே வரிசைதான். அதுவும் கள்ளக் கொப்பிதான், ஆனால் சேரிடம் தப்பியிருக்கும்.

நான் பார்த்துப் பார்த்து வைத்த 48 தலையை அவர் எண்ணியே இருக்கமாட்டார்.