வெண்டைக்காய் கறுத்துப்போன கோடை

அமெரிக்காவில், லூசியானா மாநிலத்து லஃபயெட்டுக்குக் குடிவந்து இது மூன்றாவது கோடை. முதல் இரண்டு வருஷமும் வீட்டில் சாம்பார், ரசம், பொரியல்தான். இந்த ஊர்க்காரர்களின் கேஜுன் சாப்பாடு என்றால் வெளியே போய்ச் சாப்பிடுவதோடு சரி. இந்த மே மாதக் கடைசியில் மகனுக்குப் பள்ளி விட்டதும் ஒரு முடிவுக்கு வந்தேன். வாரம் ஒரு நாள் இந்த ஊர்ச் சமையலை வீட்டிலேயே செய்து பார்ப்பது, ஆனால் அடுப்படியில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. லூசியானாவின் ஜூலை எங்கள் நாகப்பட்டினத்து மே மாதத்துக்குச் சளைத்ததில்லை. வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். குறிப்பேட்டில் அவ்வப்போது கிறுக்கியதைச் சேர்த்து எழுதுகிறேன்.

ஜூன் முதல் வாரம்

தொடங்கியதே தப்பான இடத்தில். கேஜுன் என்றால் காரப்பொடி என்று நினைத்து ஒரு டப்பா மசாலா வாங்கி வந்தேன். கோழித் தொடைக்கு, மிளகாய்த்தூள் போட்டுப் பழகிய கையாலேயே இரண்டு கரண்டி குவித்துப் போட்டுப் பிசைந்தேன். வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பட்டியலில் முதலில் நிற்பதே உப்பு.

மறுநாள் நானே கலந்தேன். பாப்ரிகா இரண்டு மேசைக்கரண்டி, பூண்டுத்தூள் ஒன்று, வெங்காயத்தூள் அதில் பாதி, கெய்ன் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, கருமிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகு அரை, காய்ந்த தைம், ஆரிகனோ ஒவ்வொரு தேக்கரண்டி. உப்பைச் சேர்க்கவில்லை, சமைக்கும்போது தனியாகப் போட்டுக்கொள்ளலாம். நமக்கு வெள்ளை மிளகு அவ்வளவாகப் பழக்கமில்லை. அதை விட்டுவிட்டுச் செய்து பார்த்தேன். பொடி ஏதோ மொட்டையாக இருந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. ப்ரோ பிரிட்ஜில் பிறந்தவர், சின்ன வயதில் வீட்டில் பிரெஞ்சு பேசியவர். பொடியைக் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஷா. இதை மீனுக்கு வெச்சுக்கோ. சட்டியில என்ன போட்டே?" என்றார். 'ஷா' என்பது இங்கே நம் 'கண்ணு' மாதிரி. சட்டியில் எண்ணெயும் கோழியும்தான் போட்டேன் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது வெங்காயம், செலரி, பச்சைக் குடமிளகாய். மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்காமல் இவர்கள் சமையல் தொடங்காது. இதற்குப் 'பரிசுத்த திரித்துவம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஊர் அல்லவா. பிரெஞ்சுக்காரர்கள் வெங்காயம், செலரியோடு கேரட் போடுவார்கள். 1755-லிருந்து இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆங்கிலேயர் விரட்டியடித்த, பிரெஞ்சு பேசிய அகேடியர்களின் வழிவந்தவர்கள்தான் கேஜுன்கள். அவர்கள் வந்து சேர்ந்த இந்தச் சதுப்பு நிலத்துச் சமையலில் கேரட்டின் இடத்தைக் குடமிளகாய் பிடித்துக்கொண்டது. காரம்? "அது மேஜையில இருக்கு" என்று சாஸ் பாட்டிலைக் காட்டினார். முக்கால் மணி தூரத்தில், ஏவரி தீவில், 1868-லிருந்து தயாராகும் டபாஸ்கோ.

ஜூன் மூன்றாவது வாரம்

மாக் ஷூ. பெயர்தான் மிரட்டல், விஷயம் சோளம். இந்தக் கோடையில் எனக்குச் சுலபமாகக் கைவந்தது இதுதான். ஐந்து கதிர்களை நிற்கவைத்து மணியைச் சீவி எடுத்த பிறகு, கத்தியின் முதுகால் கதிரை மேலிருந்து கீழாக அழுத்தி வழிக்க வேண்டும். வெள்ளையாகப் பால் வரும், கூடவே மணிகளின் அடிப்பாகமும் கூழாக வரும். அதுதான் கறியைச் சேர்த்துப் பிடிக்கிறது. முதல் தடவை இதைச் செய்யாமல் விட்டேன். சோளம் தனி, தக்காளி தனி என்று தட்டில் உருண்டது. இவர்கள் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள், நான் வெண்ணெயில். வெங்காயமும் குடமிளகாயும் வதங்கியதும் சோளம், ஒரு தக்காளி, கடைசியில் இரண்டு கரண்டி க்ரீம். இருபத்தைந்து நிமிஷம்.

அடுத்த வாரம் கை சும்மா இருக்கவில்லை. கடுகு தாளித்து, நாலு கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டுவிட்டேன். மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏங்க, இது சோளப் பொரியல். நல்லாத்தான் இருக்கு. ஆனா பொரியல்" என்றாள். குறிப்பேட்டில் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூலை

வெண்டைக்காய். லூசியானா பிரெஞ்சில் இதற்குப் பெயரே கோம்போதான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு வந்த சொல், கம்போ என்ற குழம்புக்கும் பெயராகிவிட்டது. வெண்டைக்காயைப் பற்றி எனக்குப் போய்ச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற திமிரில்தான் இறங்கினேன்.

இரண்டு கிலோவைக் கழுவி, துடைத்து, வட்டமாக நறுக்கி, புதிதாக வாங்கிய வார்ப்பிரும்பு வாணலியில் போட்டேன். வெங்காயம், குடமிளகாய், இரண்டு தக்காளி, ஒரு கரண்டி வினிகர். மூடிபோட்டு மெல்லிய தீயில் வதங்கவிடுவதை 'ஸ்மதர்' செய்வது என்கிறார்கள். பத்தாவது நிமிஷம் கரண்டியைத் தூக்கினால் அரை முழத்துக்கு நூல். இருபதாவது நிமிஷம் நிறம் மாறத் தொடங்கியது. நாற்பதில் மூடியைத் திறந்தால் வாணலி முழுக்கச் சாம்பல் கலந்த கறுப்பு, தார் போட்ட ரோடு மாதிரி. சுவையிலும் இரும்பு. மகன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான்.

பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தே விட்டார். வெண்டைக்காய் இரும்பில் பட்டால் கறுக்கும். தக்காளியும் வினிகரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே பல வீடுகளில் இதற்கென்றே மாக்னலைட் என்ற பழைய, கனத்த அலுமினியப் பாத்திரம் இருக்கும். அம்மா வைத்துப் பெண்ணுக்குப் போகிற சொத்து. அவர் தன்னுடையதைக் கடன் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக்கூடாது.

இரண்டாவது தடவை ஒரு மணி நேரம் ஆயிற்று. அரை மணி விதி போயே போச்சு. ஆனால் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து கிளறினால் போதும். நூல் முதலில் கூடும், பிறகு குறையும், ஐம்பதாவது நிமிஷத்தில் இருக்கிற இடம் தெரியாது. காய் குழைந்து, ஓரம் லேசாகப் பழுப்பேறி, கத்தரிக்காய் கொத்சு பதத்துக்கு வந்திருந்தது. மசாலா என்று பார்த்தால் உப்பும் ஒரு சிட்டிகை கெய்னும்தான். அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று மனைவி இரண்டு முறை கேட்டாள்.

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் மின்சார ஸ்லோ குக்கரில் போட்டு, குக்கரைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத் திண்ணையில் வைத்துவிட்டேன். ருசி ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் சமையலறை குளுகுளுவென்று இருந்தது. கோடைக்கு இதுதான்.

ஜூலைக் கடைசி

நான் கலந்த பொடிக்குக் கடைசியில் வேலை வந்தது. பக்கத்து ஊரான ஒபெலூசஸில் பிறந்த சமையல்காரர் பால் ப்ரூடோம், 1979-ல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய உணவகத்தில் பிரபலமாக்கியதுதான் 'பிளாக்கன்ட்' மீன். உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, பொடியை அப்பி, பழுக்கக் காய்ந்த இரும்பு வாணலியில் போட்டு எடுப்பது. 1980-களில் நாடெங்கும் இந்தப் பைத்தியம் பிடித்து, அவர் இதற்குப் பயன்படுத்திய ரெட்ஃபிஷ் மீனை மெக்ஸிகோ வளைகுடாவில் விற்பனைக்குப் பிடிக்கவே அரசு தடை போடும்படி ஆயிற்று. நான் வாங்கியது வளர்ப்புக் கெளுத்தி.

வீட்டுக்குள் ஆரம்பித்தேன். முதல் துண்டு வாணலியைத் தொட்ட அரை நிமிஷத்தில் புகை எச்சரிக்கை மணி அலறியது. மிளகாய் நெடியில் மூன்று பேருக்கும் இருமல். அப்புறம்தான் வசந்தத்தில் க்ராஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கியிறால் அவிக்கிற கேஸ் பர்னர் ஞாபகம் வந்தது. அதைக் கொல்லையில் வைத்து, வாணலியைப் பத்து நிமிஷம் வெறுமனே காயவிட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். மேலே கறுப்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம். கசக்கவில்லை, கருகியது வெண்ணெயும் பாப்ரிகாவும்தான், மீன் கருகவில்லை. வெண்டைக்காயைக் கெடுத்த அதே வாணலி இங்கே ராஜா.

ஆகஸ்ட்

வெள்ளை இறால் வந்துவிட்டது. சாலையோரத்தில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு தலையோடு விற்கிறார்கள். தலையையும் ஓட்டையும் கால் மணி கொதிக்கவிட்டு வடித்த தண்ணீரில், ஏற்கெனவே ஸ்மதர் செய்துவைத்த வெண்டைக்காயைப் போட்டு, கடைசி மூன்று நிமிஷம் இறால். இங்கத்து நடுத்தர நீள அரிசிச் சோற்றோடு சாப்பிட்டோம். பொன்னி அரிசியோடும் முயன்றேன். சாறு அடியில் தேங்கிவிடுகிறது. கொஞ்சம் ஒட்டுகிற சோறுதான் இதற்குச் சரி.

வெண்டைக்காயை ஆறவைத்து ஆறு பைகளில் கட்டி ஃப்ரீசரில் போட்டிருந்தேன். அக்டோபரில் முதல் குளிர்காற்று இறங்கியதும் கம்போவுக்கு எடுக்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டு அம்மாளின் உத்தரவு. இப்போது நாலுதான் இருக்கிறது. ஒன்று இறாலோடு போயிற்று. இன்னொன்றை மனைவி புளிக்குழம்பில் போட்டுவிட்டாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "எத்தனை பை வெச்சிருக்கே?" என்று கேட்டார். ஆறு என்று சொல்லிவிட்டு வந்தேன்.