மேத்ஸும் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்த டிகிரி: நான் படிச்சு முடிச்ச அனுபவம்

மேத்ஸும் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்த டிகிரி எடுக்கலாமானு யோசிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். பாதி மேத்ஸ், பாதி கோடிங்னு நெனச்சுட்டு மட்டும் உள்ள வராதீங்க. ரெண்டு டிபார்ட்மென்ட் அசைன்மென்ட்டும் ஒரே வாரத்துல வந்து விழும், அதக்கூட சமாளிச்சிடலாம், உண்மையான கஷ்டம் வேற இடத்துல இருக்கு.

ஃபர்ஸ்ட் இயர்ல விடை என்னனு யாரும் கேக்க மாட்டாங்க, நிரூபிச்சுக் காட்டுனு தான் கேப்பாங்க. ஸ்கூல்ல செண்டம் வாங்குனவங்களே லிமிட்ட துல்லியமா வரையறுக்கற எப்சிலான் டெல்டா வந்ததும் திணறுவாங்க. எனக்கு ப்ரூஃப்னா என்னனு பிடிபட்டதே ப்ரோக்ராமிங் லேப்ல தான். ரிகர்ஷன், அதாவது தன்னையே கூப்பிடுற ஃபங்ஷன், எழுதுறப்ப முதல்ல பேஸ் கேஸ் (நேரா விடை தெரிஞ்ச ரொம்ப சின்ன இன்புட்) போடுறோம், அப்புறம் சின்ன இன்புட்டுக்கு இந்த ஃபங்ஷன் சரியா வேலை செய்யும்னு வெச்சுக்கிட்டு பெரிய இன்புட்டுக்கு எழுதுறோம், அது அப்படியே மேத்ஸ்ல முதல் கேஸ நிரூபிச்சுட்டு ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு போற இண்டக்ஷன் தானே! லூப் எழுதினா ஒவ்வொரு சுத்துக்கும் எது மாறாம இருக்குனு பாக்கறதும் அதே தான்.

அதே சமயத்துல ரெண்டு நம்பரோட மீப்பெரு பொதுக் காரணிய கண்டுபிடிக்கற யூக்ளிட் அல்காரிதம் ரெண்டு பக்கமும் வந்துச்சு. 252, 105 எடுத்துக்கோங்க. 252ஐ 105ஆல வகுத்தா மீதி 42, 105ஐ 42ஆல வகுத்தா மீதி 21, 42ஐ 21ஆல வகுத்தா மீதி பூஜ்யம், அப்போ மீப்பெரு பொதுக் காரணி 21. மீதிய எடுத்தாலும் பொதுக் காரணி ஏன் மாறலனு நம்பர் தியரி க்ளாஸ்ல நிரூபிச்சாங்க, எத்தனை ஸ்டெப்ல முடியும்னு அல்காரிதம்ஸ் க்ளாஸ்ல பாத்தோம். சின்ன நம்பர்ல எத்தனை இலக்கம் இருக்கோ அதப் போல அஞ்சு மடங்குக்கு மேல ஸ்டெப் போகவே போகாதுனு பிரெஞ்சு கணித மேதை லாமே 1844லயே காட்டிட்டாரு, அதுவும் அடுத்தடுத்த ஃபிபோனாச்சி நம்பர்கள் (முந்தின ரெண்டையும் கூட்டினா வர 1, 1, 2, 3, 5 மாதிரி வரிசை) தான் இதுக்கு மோசமான கேஸ்னு தெரிஞ்சப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டு சப்ஜெக்ட்டுக்கும் தனித்தனி நோட்டு போட்டிருந்தேன், அப்புறம் ஒரே நோட்டு தான்.

செகண்ட் இயர்ல நியூமெரிக்கல் அனாலிசிஸ், அதாவது கம்ப்யூட்டர்ல தோராயமா கணக்கு போடறதயும் அதுல வர தப்பயும் பத்தின பேப்பர். இந்த ஒரு பேப்பருக்காகவே இந்த டிகிரி எடுக்கலாம்னு சொல்லுவேன். x² − 10⁸x + 1 = 0, ஸ்கூல்ல படிச்ச ஃபார்முலாவ அப்படியே பைத்தான்ல போடுங்க. சின்ன ரூட் 0.00000000745னு வரும், ஆனா வர வேண்டியது கிட்டத்தட்ட 0.00000001. கால்வாசி தப்பு! ஃபார்முலா சரி, கோடும் சரி, ஆனா கிட்டத்தட்ட சமமான ரெண்டு பெரிய நம்பர கழிக்கறப்போ இருந்த இலக்கமெல்லாம் காணாம போயிடுது, ஏன்னா டபுள்ல (பைத்தான் தசம நம்பர வெச்சுக்கற வடிவம்) சுமார் 16 இலக்கம் தான் நிக்கும். வழி என்னனா, பெரிய ரூட்ட மட்டும் ஃபார்முலால எடுத்துட்டு, ரெண்டு ரூட்டோட பெருக்கல் 1ங்கறதால 1ஐ அதால வகுத்தா போதும், சின்னது சுத்தமா வந்துடும். வெறும் மேத்ஸ் படிச்சிருந்தா இப்படி தப்பாகும்னே எனக்கு தோணியிருக்காது, வெறும் கோடிங் படிச்சிருந்தா பக் எங்கனு தேடிக்கிட்டே இருந்திருப்பேன்.

ஃபைனல் இயர் பத்தி சுருக்கமா சொல்றேன். முடிவிலிலயும் சின்னது பெருசு இருக்குனு காட்ட கணித மேதை கேன்டர் 1891ல போட்ட டயகனல் ஆர்க்யுமென்ட்ட ஏற்கனவே அனாலிசிஸ்ல பாத்திருந்ததால, எந்த ப்ரோக்ராமாலயும் தீர்க்க முடியாத கணக்கு இருக்குனு டூரிங் 1936ல எழுதின பேப்பர்ல அதே ஐடியா வந்தப்ப பழகின ஆள பாத்த மாதிரி இருந்துச்சு.

நான் படிச்ச முறைனு கேட்டா, எந்த அல்காரிதமா இருந்தாலும் கோட் அடிக்கறதுக்கு முன்னாடி சின்ன இன்புட்ட பேப்பர்ல கையால ஓட்டி பாப்பேன். ப்ரூஃப் படிச்சதும் நோட்ட மூடிட்டு எழுதி பாப்பேன், எந்த வரியில நிக்குதோ அங்க தான் எனக்கு புரியலனு அர்த்தம். ஃப்ரெண்ட்ஸ் கூட போர்டு முன்னாடி நின்னு ஒருத்தருக்கொருத்தர் விளக்கினது லெக்சர விட அதிகமா உதவிச்சு.

எலக்டிவ் எடுக்கறப்ப எல்லாரும் மெஷின் லேர்னிங் பக்கம் ஓடுவாங்க, எடுங்க, நல்ல பேப்பர் தான், ஆனா அதுக்கு முன்னாடி லீனியர் அல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும் நல்லா முடிச்சிடுங்க, இல்லனா கிரேடியன்ட் டிசென்ட் (தப்ப கொஞ்சம் கொஞ்சமா குறைக்கற முறை) ஏன் கன்வர்ஜ் ஆகல, அதாவது ஒரு விடைல வந்து நிக்கலனு தெரியாம, ஒவ்வொரு ஸ்டெப்போட அளவான லேர்னிங் ரேட்ட மட்டும் மாத்தி மாத்தி போட்டுட்டு இருப்பீங்க. புள்ளிகளயும் அத இணைக்கற கோடுகளயும் பத்தின கிராஃப் தியரி கிடைச்சா அதையும் விட்றாதீங்க.