சோப்புத் தண்ணீருக்கு ஒரு கல்வாழைப் பாத்தி

குளித்த தண்ணீரைக் கல்வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுவது நம் ஊர்ப் பழக்கம்தான். வெறும் மண்ணில் விட்டால் சில மாதங்களில் மண் இறுகி, சேறு தேங்கி, கொசு வந்துவிடும். அதே செடியை ஜல்லி நிரப்பிய தொட்டியில் வளர்த்து, அதன் வழியே தண்ணீரைச் சுத்தமாக்கி வெளியே விட்டுப் பாருங்கள், கதையே வேறு.

நான்கு பேர் வீட்டில் குளியலும் துணி துவைப்பும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 300 லிட்டர் வரும். இதற்கு 12 அடி நீளம், மூன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் நீர் கசியாத தொட்டி போதும். தரை, வெளியேறும் பக்கம் ஒன்றரை அங்குலம் சரியட்டும். இரு முனைகளிலும் ஓரடி நீளத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முக்கால் அங்குல ஜல்லி. கிரஷர் தூளோடு அப்படியே கொட்டாதீர்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். மணல் வேண்டவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

வெளிக்குழாய் அடிமட்டத்திலிருந்து புறப்பட்டு, வெளியே ஒரு எல்போவில் (வளைவு இணைப்பில்) மேலே ஏற வேண்டும். அந்த எல்போவுக்குப் பசை போடாதீர்கள். குழாயைச் சாய்த்தால் பாத்தியின் நீர்மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். ஜல்லியின் மேற்பரப்புக்கு நான்கு அங்குலம் கீழே தண்ணீர் நின்றால் கொசு முட்டையிட வழியில்லை. ஜல்லி இடுக்குகளில் சுமார் 750 லிட்டர் பிடிப்பதால், தண்ணீர் இரண்டரை நாள் உள்ளே தங்கும். அழுக்கைத் தின்பது பெரும்பாலும் கல்லிலும் வேரிலும் படர்ந்த நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இடமும் கொஞ்சம் ஆக்சிஜனும் தருவது வேர்.

கல்வாழைக் கிழங்கை ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள், பதினெட்டு போதும். முதல் மூன்று வாரம் நல்ல தண்ணீரில் வேர் பிடிக்கட்டும். எடுத்தவுடன் சோப்புத் தண்ணீர் விட்டால் குருத்து கருகும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். அங்கேயே அழுகவிட்டால், உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரும்பத் தண்ணீருக்கே போய்விடும்.

பெரும்பாலான பாத்திகள் கெடுவது செடியால் அல்ல, முன்தொட்டி இல்லாததால். தண்ணீர் பாத்திக்குள் நுழையும் முன், 200 லிட்டர் பீப்பாய் இரண்டை வரிசையாக வையுங்கள். வெளியேறும் வாயில் ‘T’ வடிவ டீ இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் கால் பீப்பாயின் நடு ஆழம் வரை இறங்கட்டும். மிதக்கும் நுரையும் தலைமுடியும் மேலே நிற்கும், கசடு அடியில் தங்கும். மேலே மிதக்கும் ஏட்டை வாரம் ஒருமுறை வாரிவிடுங்கள். சமையலறைத் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். எண்ணெயும் கஞ்சியும் ஜல்லியைப் பிசின்போல் ஒட்டிவிடும்.

நுழைவாயருகே தண்ணீர் மேலே தேங்கினால் முழுப் பாத்தியையும் கலைக்க வேண்டாம். அந்த ஓரடி ஜல்லியை மட்டும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், முன்தொட்டிக் கசடு தாண்டி வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

வெளிவரும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் சரி. கீரைக்கு விடாதீர்கள். சலவைத்தூளின் உப்பை இந்தப் பாத்தி நீக்காது. சாயம், முலாம் பட்டறைக் கழிவையும் இதில் விடக்கூடாது. குரோமியம் போன்ற உலோகங்களை நுண்ணுயிர் தின்று தீர்க்காது. ஜல்லியிலும் செடியிலும் சேர்ந்து, வெட்டிப்போடும் தண்டே நஞ்சாகிவிடும்.