கதவு மூடியிருந்தபோது ஜெயித்த ஊர்கள்

ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து, 2014-ல் எட்டு டீமோடு ஆரம்பித்தது. 2026 பிப்ரவரியில் தொடங்கிய சீசனில் 14 டீம். அடுத்து எந்த ஊர் வரும் என்ற பேச்சு பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் மேட்ச் முடிந்து வெளியே வரும்போதே ஆரம்பித்துவிடும், கப்பன் பார்க்கில் மெட்ரோ ஏறி அல்சூரில் இறங்குகிற வரைக்கும் ஓயாது. ஒருத்தர் அகமதாபாத் என்பார், அங்கேதான் பணமும் புது மைதானங்களும் இருக்கின்றன என்பார். இன்னொருத்தர் கோழிக்கோடு என்பார். நான் கோயம்புத்தூர் என்று சொன்னால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கட்சி இதுதான். ஐ-லீக் என்ற இன்னொரு தேசியக் கால்பந்து லீகில் முதலிடம் பிடித்தால் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம் என்ற விதி 2022-23 சீசனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் கோப்பையை ஜெயித்தவர்களுக்குக் கைகுலுக்கல்தான், இடம் கிடையாது. அந்தக் காலத்தில் ஜெயித்த ஊர்களை முதலில் பார்க்கவேண்டும், புதுசாகப் பணம் கட்டி வருகிறவர்களை அப்புறம் பார்க்கலாம்.

இது பெங்களூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியவேண்டிய விஷயம். 2014-ல் ஐஎஸ்எல்லின் எட்டு ஊர்களில் பெங்களூரும் இருந்தது, சன் குழுமம் எடுத்திருந்தது, பிறகு அவர்கள் விலகிக்கொள்ள அந்த இடம் சென்னைக்குப் போய் சென்னையின் எஃப்சி உருவானது. அதே நேரத்தில் இங்கே பெங்களூரு எஃப்சி, 2013-ல் பிறந்த கிளப், தன் முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன். 2015-16-ல் மறுபடியும் சாம்பியன். 2016-ல் ஆசிய கிளப்புகள் மோதுகிற ஏஎஃப்சி கப்பில் ஃபைனல் வரைக்கும் போனது, இந்தியாவிலிருந்து அதுவரை எந்த கிளப்பும் போகாத இடம். இவ்வளவும் செய்துவிட்டு ஐஎஸ்எல்லுக்கு வெளியே நின்றது. 2017-ல் பத்து ஊர்களின் பெயரைப் போட்டு ஏலம் கேட்டபோதுதான் பெங்களூரும் ஜாம்ஷெட்பூரும் உள்ளே வந்தன. உள்ளே வந்த முதல் சீசனிலேயே ஃபைனல், கண்டீரவாவிலேயே, சென்னையின் 3-2 என்று ஜெயித்துப் போனது. அன்றைக்கு இந்த ஊர்த் தமிழர்கள் வீட்டுக்கு வீடு பிரிந்து நின்றார்கள்.

சரி, பணத்தை வைத்து ஊர்களைத் தேர்ந்தெடுத்த முறை என்ன ஆனது என்று பாருங்கள். புனே சிட்டி 2019-ல் மூடப்பட்டது, அதன் இடத்தில் ஹைதராபாத் வந்தது. டெல்லி டைனமோஸ் அதே வருடம் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. ஹைதராபாத் 2022-ல் ஐஎஸ்எல் கோப்பையையே தூக்கியது, ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் பணச் சிக்கலில் மாட்டி, 2025-ல் டெல்லிக்கு மாறி ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயரும் மாறிவிட்டது. ஹைதராபாத் கால்பந்து கோச் ரஹீம் சாப் ஆட்டக்காரர்களை உருவாக்கிய ஊர். ஆசிய விளையாட்டில் இந்தியா வாங்கிய 1951, 1962 தங்கம் இரண்டுக்கும் அவர்தான் கோச். அந்த ஊருக்கே இந்தக் கதி என்றால் பாரம்பரியம் மட்டும் போதாது என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். வாராவாரம் மைதானத்துக்கு வருகிற கூட்டம் வேண்டும், பத்து வருடம் நஷ்டத்தைத் தாங்குகிற முதலாளி வேண்டும். ஜாம்ஷெட்பூர் இதற்கு நல்ல உதாரணம்: சின்ன ஊர், ஆனால் 1987 முதல் டாடா ஃபுட்பால் அகாடமி அங்கே இருக்கிறது, டாடா ஸ்டீல் பின்னால் நிற்கிறது, 2021-22-ல் லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டையும் ஜெயித்தார்கள்.

இப்போது ஊர்களுக்கு வருகிறேன்.

முதல் இடம் கோழிக்கோட்டுக்கு. அந்த ஊர் கிளப்பான கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு ஐ-லீக் பட்டம். இரண்டாவது பட்டம் வாங்கிய அதே 2022 மே மாதத்தில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஏடிகே மோகன் பகானை ஏஎஃப்சி கப் ஆட்டத்தில் 4-2 என்று அடித்தார்கள். ஐஎஸ்எல்லின் மிகப்பெரிய டீம்களில் ஒன்றை, அதன் சொந்த மைதானத்தில். அந்தப் பட்டத்தை ஒரே ஒரு வருடம் தள்ளி வாங்கியிருந்தால் இன்றைக்கு அவர்கள் ஐஎஸ்எல் டீம், ஏனென்றால் அடுத்த சீசனில் ஐ-லீக் ஜெயித்த பஞ்சாப் நேரே ஏறிவிட்டது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து மலப்புரத்தில் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டத்துக்கு மூங்கில் கேலரி கட்டி உட்காருகிற ஜனம், மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராஃபியின் 2022 ஃபைனலுக்கு மஞ்சேரியில் திரண்ட ஜனம். 2024-ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது ஆறு டீமில் கோழிக்கோடு, மலப்புரம், கண்ணூர் என்று மூன்று மலபார் டீம்கள், முதல் பட்டமும் கோழிக்கோட்டுக்கே. கொச்சியில் ஐஎஸ்எல் டீமான கேரளா பிளாஸ்டர்ஸ் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கொல்கத்தாவில் மூன்று இருக்கின்றன.

அடுத்து ஐசால். 2016-17 ஐ-லீகை ஐசால் எஃப்சி ஜெயித்தது இந்தியக் கால்பந்தில் நான் பார்த்ததிலேயே பெரிய விஷயம். அதற்கு முந்தைய சீசனில் கீழே இறக்கப்பட்ட டீம், மற்ற கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்டு, கடைசி ஆட்டத்தில் ஷில்லாங்கில் அந்த ஊர் டீம் லாஜோங்கோடு 1-1 டிரா செய்து கோப்பையை எடுத்துப் போனது. கோச் காலித் ஜமீல், 2025-ல் இந்திய டீமுக்கே கோச் ஆனாரே அவர்தான். 2011 கணக்கெடுப்பின்படி ஐசாலில் மூன்று லட்சம் பேர்கூட இல்லை. ஆனால் மிசோரம் கொடுத்த ஆட்டக்காரர்களை எண்ணிப் பாருங்கள், சென்னைக்கு ஜேஜே, மும்பைக்கு சாங்தே. லீகுக்கு ஆட்டக்காரர்களை அனுப்புகிற ஊர் லீகில் இல்லை. சின்ன ஊர், டிவி பார்க்கிற வீடுகள் குறைவு, விமானம் கம்மி என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அதையெல்லாம் கடந்து அங்கே வருடக்கணக்காக ஐ-லீக் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஷில்லாங் கொஞ்சம் வேறு கதை, அவர்களுக்குப் பட்டம் இல்லை. ஆனால் தயாராக இருக்கிற மைதானம் என்றால் அதுதான். 2025 மார்ச்சில் இந்தியா அங்கே மாலத்தீவோடும் வங்கதேசத்தோடும் ஆடியது, சுனில் சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி வந்த ஆட்டங்கள். கவுகாத்தி டீமான நார்த்ஈஸ்ட் யுனைடெட்டும் சில ஐஎஸ்எல் மேட்ச்களை அங்கே கொண்டுபோனது. பெங்களூரு எஃப்சியின் நடுகளத்தில் யூஜின்சன் லிங்டோ ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் மேல் தனி மரியாதை இருக்கும், எனக்கும் இருக்கிறது.

அகமதாபாத், ஸ்ரீநகர் இரண்டையும் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 2017 ஏலப் பட்டியலிலேயே அகமதாபாத் இருந்தது, 2030 காமன்வெல்த் போட்டிகளும் அங்கே வருகின்றன, யாராவது ஒரு பெரிய முதலாளி கிளப்பை அங்கே நட்டுவிடுவார் என்றுதான் தோன்றுகிறது. எனக்குப் புனேவின் ஞாபகம் வருகிறது. ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீர் கிளப்புக்கு 2018-லிருந்து உண்மையான கூட்டம் உண்டு, டிஆர்சி மைதானத்தின் செயற்கைப் புல்லும் குளிர்காலமும்தான் பிரச்சினை, அவை தீர்க்க முடியாதவை அல்ல.

இப்போது கோயம்புத்தூர். சென்னை சிட்டி எஃப்சி பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியில் தாண்டிய பட்டம். பெட்ரோ மான்சி அந்த சீசனில் அடித்த கோல் 21. அதே கிளப்பில்தான் அதற்கு முந்தைய சீசனில் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் பெயர் வாங்கினார், வாங்கின கையோடு ஐஎஸ்எல்லுக்குப் போய்விட்டார். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்கூட பங்கு வாங்கியது. 2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் அந்த டீம் இல்லை. ஜெயித்த வருடமே மேலே ஏற வழி இருந்திருந்தால், ஐஎஸ்எல்லின் டிவி, விளம்பரம், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் வந்திருந்தால், கொங்கு நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வார இறுதியில் பார்க்க ஒரு டீம் இருந்திருக்கும். தொழில் நகரம், மோட்டாரும் நூலும் செய்து உலகத்துக்கு அனுப்புகிற முதலாளிகள் இருக்கிற ஊர். ஒரு கிளப்பைத் தாங்க முடியாது என்று யாரும் சொல்லமுடியாது. பெங்களூரிலிருந்து வந்தே பாரத்தில் காலையில் ஏறினால் போய் இறங்கலாம், வெளியூர் மேட்ச் பார்க்க இதைவிட வசதியான ஊர் நமக்குக் கிடையாது.

பெங்களூருக்கே இரண்டாவது டீம் வேண்டாமா என்று அல்சூர் பக்கத்து கௌதமபுரத்தில் கேட்பார்கள். கேட்க உரிமை உள்ளவர்கள். பெலேவுக்குச் சிலை வைத்த இடம் அது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். இந்தியாவுக்கு ஆடிய கார்ல்டன் சாப்மன் இங்கே ஆஸ்டின் டவுன் பிள்ளை. எச்ஏஎல், ஐடிஐ என்று கம்பெனி டீம்கள் வேலையும் கொடுத்து ஆடவும் வைத்த காலத்தில் இந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அந்த கம்பெனி டீம்கள் தேய்ந்தபிறகு இங்கிருக்கிற பிள்ளைகளுக்கு மேலே போகிற படி ஒன்றுதான் மிச்சம். எஸ்சி பெங்களூரு 2024-25-ல் ஐ-லீக் வரைக்கும் வந்தது, அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியம் இருக்கிறது. அவர்கள் கீழிருந்து ஜெயித்து வரட்டும், நான் அங்கேயும் போய் உட்காருவேன்.

ஏறுவது நடக்கிறது: பஞ்சாப், அதற்கடுத்த வருடம் கொல்கத்தாவின் முகமடன், பிறகு விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய்ப் பட்டத்தை வாங்கிய வாரணாசியின் இன்டர் காசி. ஆனால் பஞ்சாப் தன் ஐஎஸ்எல் ஆட்டங்களை டெல்லியில் ஆடியது, காசி ஐ-லீகில் வங்காளத்துக் கல்யாணியில் ஆடியது. லைசென்சுக்குத் தகுந்த மைதானம் சொந்த ஊரில் இல்லாதவரை எந்த ஊர் ஏறினாலும் அந்த ஊர் ஜனத்துக்கு டீம் கிடைத்ததாக ஆகாது. 2025-ல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்தியவர்களுக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் முடிந்து, சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தி, சீசன் தொடங்க அடுத்த பிப்ரவரி ஆனது. புது ஆட்கள் நடத்தப்போகிற லீகில் டீம் எண்ணிக்கையை ஏற்றுவதற்கு முன்னால் ஐசாலுக்கும் கோழிக்கோட்டுக்கும் கோவைக்கும் ஆள் அனுப்பி, மைதானத்தில் என்ன குறை, அதைச் சரிசெய்ய மாநில அரசு எவ்வளவு தரும், கிளப் எவ்வளவு தரும் என்று உட்கார்ந்து பேசட்டும். என் வரிசை கோழிக்கோடு, ஐசால், கோவை. கோவையை முதலில் போடத்தான் ஆசை, ஆனால் அங்கே இன்றைக்குக் கிளப் இல்லை.