மீதியில் கால்

"ஒருவர் தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மளிகைக்கும், மீதியில் கால் பங்கைப் பஸ்ஸுக்கும் செலவழித்தார். கையில் 90 ராண்ட் இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தார்?"

ஏழாம் வகுப்பு மகனின் வீட்டுப்பாடம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சனிக்கிழமை சாயங்காலத்தை முழுசாக விழுங்கியது இதுதான்.

என் வீட்டுக்காரர் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே எக்ஸ் போட்டுவிட்டார். மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் சேர்ந்தால் பன்னிரண்டில் ஏழு, மிச்சம் பன்னிரண்டில் ஐந்து, அது 90 என்றால் மொத்தம் 216. அடியில் இரண்டு கோடு வேறு.

"180" என்றார் மாமனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பவுன், ஷில்லிங், பென்ஸ் என்ற பழைய காசுகளில் கணக்குப் படித்தவர். 240 பென்ஸ் கொண்ட பவுனை மூன்றாக வகுத்தால் 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று சுத்தமாக நிற்கும். 1961இல் வந்த ராண்டை மூன்றாக வகுத்தால் 33 சென்ட்டுக்குப் பின்னால் ஒரு வால் தொங்குகிறதே என்று இன்றைக்கும் அவருக்கு ஆத்திரம்.

"எப்படிப்பா 180?"

"அதை உன் எக்ஸையே கேள்."

குரல்கள் ஏறின. கால்குலேட்டர் வந்தது, அது இரண்டு பக்கமும் சாயவில்லை. கடைசியில் மகன்தான் வாயைத் திறந்தான். டர்பன் பிள்ளைகளுக்குக் கால், அரை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு முன்பே பன்னி சவ் கடையில் பாடம். ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றிக் கால் ரொட்டி, அரை ரொட்டி என்றுதானே விற்கிறார்கள்.

"அப்பா, முழு ரொட்டியில் மூன்றில் ஒன்றைத் தாத்தா சாப்பிட்டுவிட்டார். மீதியில் கால்தான் உங்களுக்கு. அது கால் ரொட்டி ஆகுமா?"

ஆகாது. மூன்றில் இரண்டின் கால், ஆறில் ஒன்றுதான். தாத்தா பங்கோடு கூட்டினால் சரியாகப் பாதி. மீதிப் பாதி 90, முழுசு 180. சரிபார்த்தோம்: 60 போனால் 120, அதில் கால் 30 போனால் 90.

"கேள்வியைத் தெளிவாக எழுதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ரப்பரைத் தேடினார். மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டினார். பெரிய மனுஷத்தனம்!

அடுத்த கேள்வியை மகன் உரக்கப் படித்தான்: ஒரு குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 6 மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால்?

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இரண்டு குழாயிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வருதாமா? எந்த ஊர்டா அது?"