நான் பேசிக்கொள்கிறேன்

"மனு வேண்டாம் அம்மா, நான் பேசிக்கொள்கிறேன்." 2022 ஜூன் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் நான் சொன்னது இவ்வளவுதான். மிரட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை. நான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். பென்னாகரம் பேருந்து நிலையத்தில் தர்மபுரி பஸ் புறப்படத் தயாராக நின்றது. மகனுக்காக ஆட்சியரிடம் மனு கொடுக்கப் புறப்பட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டார். கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு உறுத்தாது.

மனு, கோடு போட்ட நோட்டுத் தாளில் பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்தது. தாளின் ஓரத்தில் புளிக்கறை. அந்த அம்மா கூலிக்குப் புளி தட்டுபவர், நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். 'என் மகனைப் பள்ளியில் உட்கார விடுவதில்லை' என்று எழுதியிருந்தது. 'சேர்க்கவில்லை' என்று எழுதவில்லை. எழுதிய பெண் கெட்டிக்காரிதான். ஏனென்றால் பையன் எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவில் இருந்தான், வருகைப் பதிவேட்டில் இருந்தான், வகுப்பறையில் மட்டும்தான் இல்லை. ஏழு வயது, மூளை முடக்குவாதம், சான்றிதழில் 75 சதவீதம். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக 'இல்லம் சார்ந்த கல்வி', அதாவது வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது, என்று எழுதியவள் நான்.

எழுதச் சொன்னவர் தலைமையாசிரியர். "ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருக்கிறோம் டீச்சர். கழிவறைக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? விழுந்தால் யார் பதில் சொல்வது?" அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காலை உணவுத் திட்டம் வராத அந்த நாட்களில், பசியோடு வரும் பிள்ளைகளுக்கென்று மேசை இழுப்பறையில் பன் வாங்கி வைத்திருப்பார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை. சரிவுப்பாதை போட்டிருந்தார்கள், அது வகுப்பறை வாசலோடு முடிந்தது. கழிவறைக்கு மூன்று படி.

சட்டம் எனக்குத் தெரியாததல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. வீட்டுக் கல்வி 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தில் வந்தது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளை அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு என்பதே அதன் பொருள். தேர்ந்தெடுக்க வேண்டியது பிள்ளை. எங்கள் விஷயத்தில் தலைமையாசிரியர் தேர்ந்தெடுத்தார், நான் எழுதினேன், அம்மாவிடம் கையெழுத்து வாங்கினோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். யாரும் கட்டி நான் பார்த்ததில்லை.

என் பக்க நியாயமும் உண்டு. அந்த மனு ஆட்சியரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலர், பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு அறிக்கை கேட்டு நான் வேலை பார்க்கும் வட்டார வள மையம். கடைசியில் என் மேசைக்குத்தான் வந்திருக்கும். 'மாணவனுக்கு இல்லம் சார்ந்த கல்வி வழங்கப்பட்டு வருகிறது' என்று நானே பதில் எழுதியிருப்பேன். மனு முடித்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கு நேரில் போய்ப் பேசுவது மேல் அல்லவா?

பேசினேன். பலனும் கிடைத்தது. மதியம் வரை அம்மா பள்ளியிலேயே இருந்து பார்த்துக்கொண்டால் பையன் வரலாம் என்றார் சார். அம்மாவுக்கு அரை நாள் கூலி போனது. அதை அன்று நான் கணக்கில் எடுக்கவே இல்லை. பையன் வந்தான். வருகை எடுக்கும்போது அவன் "உள்ளேன் ஐயா" சொல்லி முடிக்கச் சற்று நேரமாகும். மொத்த வகுப்பும் அதுவரை சத்தமில்லாமல் காத்திருக்கும். பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கொடுத்தேன், பிடிக்கிறான். இதையெல்லாம் நினைத்தால் செய்தது சரிதான் என்று தோன்றும்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்த ஒன்று இருக்கிறது. வீட்டுக் கல்விப் பதிவேட்டில் மாதம் நான்கு வருகை காட்டியிருந்தேன். போனது இரண்டு, சில மாதம் ஒன்று. என் பட்டியலில் அப்போது 43 பிள்ளைகள். தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல்தான் சொல்லியிருந்தது. நான் ஒப்பந்தப் பணியில் இருப்பவள். விசாரணை என்று வந்தால் முதலில் புரட்டப்படுவது அந்தப் பதிவேடுதான். பேருந்து நிலையத்தில் அது என் நினைவில் இருந்ததா? இல்லை என்றுதான் நீண்ட நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று காலை அந்த அம்மா தர்மபுரி போகிறார் என்று கேள்விப்பட்டதும், பாதி குடித்த டீயை வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். வேறு எந்தப் பிள்ளைக்காகவும் நான் அப்படி ஓடியதில்லை.

பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்குப் போக வேண்டும். போன மாதம் அதே பேருந்து நிலையத்தில் அவனுடைய அம்மாவைப் பார்த்தேன்.

"இந்த சார் புண்ணியத்தில் அஞ்சாவது வரைக்கும் வந்துவிட்டான். அங்கே எந்த சாரிடம் போய்க் கேட்க வேண்டும் டீச்சர்?"

யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் கூட வருகிறேன் அம்மா என்றேன். அவர் அன்று என் கையில் கொடுத்துவிட்டுப் போன தாள், நான்காக மடித்தபடி, இன்னமும் என் பீரோவில் இருக்கிறது.